சண்டைக்காரப் பையனுக்கு ஒரு சொல்

மார்ச் 3, கேள்வி

அக்கா, ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் பத்து வயதுப் பையன் ஒருவன் வருகிறான். யார் சொன்னாலும் கேட்கமாட்டான், எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பான். மூலத்தில் அவனுக்கு ஒரே ஒரு அடைமொழிதான். நான் எழுதினால் ‘சண்டை போடும் சுபாவமுள்ள’ என்று நீண்டுபோகிறது. தமிழில் இதற்கு ஒற்றைப் பெயரடை கிடையாது என்று முடிவுக்கு வந்துவிட்டேன். இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு

கிடையாது என்று அதற்குள் முடிவு கட்டவேண்டாம். முரட்டு, துடுக்கான, பொல்லாத, அடங்காத, சண்டைக்கார, வம்புக்கார, அடாவடியான, தறிகெட்ட. இது உட்கார்ந்த இடத்தில் வந்தது. யோசித்தால் இன்னும் வரும்.

இவற்றில் இலக்கணப்படி பார்த்தால் ‘முரட்டு’தான் உனக்கு வேண்டியது. வீடு வீட்டு ஆவதுபோல, காடு காட்டு ஆவதுபோல, முரடு முரட்டு ஆகிறது. குருடு குருட்டு, திருடு திருட்டு எல்லாம் அதே வழி. ‘ஆன’ வேண்டாம், ‘உள்ள’ வேண்டாம். முரட்டுப் பையன். முடிந்தது.

மார்ச் 4

முடியவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே உறுத்தியது.

முரடு என்பது தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிற குணம். இழைப்புளி படாத பலகை முரடு. கைத்தறிக் கடையில் ‘முரட்டுத் துணிதான், ஆனா உழைக்கும்’ என்பார்கள். ஆளுக்குச் சொன்னாலும் அந்தச் சொரசொரப்பு கூடவே வருகிறது. முரட்டுப் பையன் என்றால் எனக்கு ஒரு தடித்த மணிக்கட்டு தெரிகிறது, தள்ளிவிடுகிற தோள் தெரிகிறது. அவன் அதிகம் பேசமாட்டான். உன் பையன் எப்படி, கையா வாயா?

இன்னொன்று. இருபது வயதுப் பிள்ளைகள் இப்போது முரட்டுப் பசி, முரட்டுத் தூக்கம், முரட்டு சிங்கிள் என்கிறார்கள். அவர்களுக்கு அது ‘மிக’ என்பதைப்போல ஒரு அழுத்தம், கொஞ்சம் பெருமையும் உண்டு. உன் வாசகர் அந்த வயதுக்காரர் என்றால் ‘முரட்டுப் பையன்’ பாராட்டாகக்கூட விழும்.

மார்ச் 4, மாலை

ஒல்லிப் பையன், வாய்தான் எல்லாம் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியென்றால் முரட்டு வேண்டாம். நேற்றுச் சொன்னதை எடுத்துவிடுகிறேன்.

வாய்த்துடுக்கு? துடுக்கில் அவமரியாதை இருக்கிறது, சண்டை இல்லை. பெரியவர் கேட்ட கேள்விக்கு வெடுக்கென்று ஒரு பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுகிற பிள்ளை துடுக்கு. நின்று வாதாடுகிற பிள்ளை அல்ல.

வாயாடி என்று எழுதினால் படிப்பவர் பெண் குழந்தையை நினைப்பார். ‘டி’யில் முடிவது காரணம் இல்லை. ஆடு என்ற வினையோடு இகரம் சேர்ந்தது அது, ஆணுக்கும் பொருந்தக்கூடிய வடிவம்தான். ஆனாலும் பையனை வாயாடி என்று யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. இது ஏன் என்று தனியாக எழுதவேண்டும்.

மார்ச் 6

வம்பு. ‘வம்புக்காரப் பையன்’ சரியாக வருமா என்று பார்த்தேன். வம்புக்கு இழுப்பது என்றால் எதிராளி சும்மா இருக்கும்போது போய்ச் சீண்டுவது. உன் கதையில் பையன் சீண்டுகிறானா, சீண்டினால் திருப்பிக் கொடுக்கிறானா? முதலாவது என்றால் வம்பு சரி.

ஊருக்கு ஊர் இது மாறுகிறது என்பதையும் பார்த்துக்கொள். சென்னையில் பல வீடுகளில் வம்பு என்றால் ஊர்க்கதை. ‘சாயங்காலம் வா, வம்பு பேசலாம்’ என்று என் பக்கத்து வீட்டு மாமி அழைத்தபோது, புதிதாக வந்திருந்த எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. போனால் காபி கொடுத்தார். தெற்கே ‘வம்படியா’ என்பார்கள், வலிய, பிடிவாதமாக என்ற பொருளில். ‘வேண்டாம்னு சொல்லியும் வம்படியா சாப்பிட வச்சாங்க’. அங்கே அது அன்பு.

எப்படி இருந்தாலும் அடியில் இருப்பது சண்டைதான்.

மார்ச் 7

நேற்றைய கடைசி வரி தவறு. சண்டை அடியில் இல்லை, பிற்பாடு வந்து ஒட்டியது.

குறுந்தொகை 66ஆம் பாட்டு. கார்காலம் வந்ததும் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது. தோழி தலைவியைத் தேற்றுகிறாள்: கொன்றை மடத்தனமாகப் பூத்திருக்கிறது, ‘வம்ப மாரியைக் கார் என மதித்தே’. பருவம் தப்பி வந்த மழையைக் கார்மழை என்று நம்பிவிட்டதாம். அங்கே வம்பு என்பது நிலையில்லாதது, புதிதாக வந்தது. வம்பலர் என்றால் வழிப்போக்கர், ஊருக்குப் புதியவர். அகநானூற்றில் மாமூலனார் மோரியரை ‘வம்ப மோரியர்’ என்கிறார். புதிதாக வந்தவர்கள் என்று.

புதிதாக வந்தது எப்படிச் சண்டை ஆயிற்று என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இதுதான், தோன்றுவது மட்டும்தான்: எந்த ஊரிலும் புதிதாக வந்து நிற்கிறவன்மேல்தான் முதல் சந்தேகம் விழுகிறது. காலமில்லாக் காலத்தில் வந்த மழைமேல் விழுவதுபோல.

மார்ச் 9

‘சண்டித்தனம் செய்கிற பையன் என்று எழுதலாமா’ என்று கேட்டிருக்கிறாய். எனக்கு அதில் சொந்தக் கதை இருக்கிறது, நீளமாகத்தான் வரும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். தாத்தாவிடம் ஒரு ஜோடி வண்டி மாடு. அதில் இடத்துமாடு ஒரு கோடையில் சண்டியாகிவிட்டது. சண்டி மாடு என்றால் முட்டுகிற மாடு அல்ல. முட்டுவது முட்டுமாடு. சண்டி மாடு யாரையும் ஒன்றும் செய்யாது. நுகத்தைத் தோளில் வைத்ததும் நடுரோட்டில் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எழாது. வாலை முறுக்குவார்கள், தார்க்குச்சியால் குத்துவார்கள், வைக்கோலைக் கொளுத்தி அடியில் காட்டுகிறவர்களும் உண்டு. சண்டை போடாமல் இருப்பதுதான் அதன் சண்டித்தனம்.

நீடாமங்கலம் ரோட்டில் நெல் மூட்டையோடு அது படுத்துக்கொண்ட அன்று நானும் வண்டியில் இருந்தேன், ஏழு வயது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் கூடி ஆளுக்கு ஒரு யோசனை. தாத்தா யாருக்கும் பதில் சொல்லாமல் பூட்டாங்கயிற்றை அவிழ்த்து, நுகத்தடியைத் தூக்கினார். திமிலுக்கு முன்னால், ரோமத்துக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்குப் புண். நுகம் அரைத்து அரைத்துச் சீழ் வைத்திருந்தது. வெளியே தெரியவில்லை. கையால் தடவியிருந்தால் தெரிந்திருக்கும். ‘ரெண்டு மாசமா இதச் சண்டின்னு திட்டிக்கிட்டு இருக்கேனே’ என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் போட்டு, அறுவடை முடியும்வரை அதைப் பூட்டவில்லை. அப்புறம் அது நன்றாகவே இழுத்தது.

அதனால் உன் கேள்விக்குப் பதில்: வாயால் மல்லுக்கு நிற்கிற பையன் சண்டி அல்ல. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற பையன் சண்டி.

மார்ச் 10

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் மேலே எழுதியதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். அவர்கள் ஊரில் சண்டியன் என்றால் அடிதடிக்காரன், தெருவை மிரட்டி வைத்திருக்கிறவன். ‘அவர் அந்தக் காலத்தில் பெரிய சண்டியன்’ என்றால் எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். சாரத்தை மடித்துத் தூக்கிக் கட்டுவது சண்டிக்கட்டு. கட்டிய விதத்தைப் பார்த்தே ஆள் எதற்குத் தயாராகிறான் என்று தெரியும்.

ஆக ஒரே சொல் இங்கே படுத்துக்கொள்கிறது, அங்கே எழுந்து நிற்கிறது. ‘சண்டித்தனம்’ என்று நீ எழுதினால் கும்பகோணத்து வாசகருக்கு ஒரு பையனும் பருத்தித்துறை வாசகருக்கு வேறொரு பையனும் தெரிவான். நேற்று நான் எழுதியது என் ஊருக்கு மட்டும் சரி.

மார்ச் 11

மாட்டை நினைக்க ஆரம்பித்ததும் வரிசையாக வந்துகொண்டிருக்கிறது.

தறிகெட்ட: தறி என்றால் கட்டுகிற முளை, கம்பம். கட்டுத்தறி என்கிறோம் அல்லவா. தறியிலிருந்து விடுபட்டு ஓடுவது தறிகெட்டு ஓடுவது. கட்டுக்கடங்காத: கட்டு என்றால் கயிறும்தான், ஒழுங்கும்தான். இதைக் கூட்டத்துக்கும் தீக்கும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். ‘தண்ணி தெளிச்சு விட்டாச்சு’: இனி இவன் நம் பொறுப்பில்லை என்று பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளை. கோயில் மாடு: கோயிலுக்கு நேர்ந்துவிட்டது, எந்த வயலிலும் மேயலாம், யாரும் அடிக்கமாட்டார்கள். வேலைவெட்டி இல்லாமல் வீட்டுக்கு வீடு சாப்பிட்டுத் திரிகிற இளைஞனைச் சொல்வது.

கொண்டி மாடு என்று ஒன்று உண்டு, இப்போது பலருக்குத் தெரியாது. வேலி தாண்டிப் பக்கத்து வயலில் மேய்ந்து பழகிவிட்ட மாடு. கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிடுவார்கள். ஓடினால் முன்னங்காலில் இடிக்கும். அதற்கும் அடங்காவிட்டால் வயல்காரர் பிடித்துப் பவுண்டில் அடைப்பார், மாட்டுக்காரர் அபராதம் கட்டி மீட்கவேண்டும். 1871இல் ஆங்கிலேயர் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். கொண்டி பழைய சொல். பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் வருகிறார்கள், பகை நாட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள். கொள்ளையாகக் கொண்டது கொண்டி. பிடிபட்டவருக்கு இருந்த சொல் பிறகு பிடிபடாமல் மேய்கிற மாட்டுக்குப் போயிருக்கிறது.

இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் ஒரு கயிறு இருக்கிறது, கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆள் இருக்கிறார். அடங்காத என்றால் யாருக்கு? கட்டுக்கடங்காத என்றால் யாருடைய கட்டு? சொல்லில் மாடு மட்டும்தான் தெரிகிறது, பிடித்திருக்கிறவர் தெரிவதில்லை. உன் கதையில் அந்தப் பையனை அப்படிச் சொல்வது யார்? கதாசிரியரா, வாத்தியாரா, அவன் அம்மாவா? அதைச் சொல்லாமல் என்னிடம் சொல் கேட்கிறாய்.

மார்ச் 14

வாயாடி பற்றித் தனியாக எழுதுகிறேன் என்றேன். வாயாடியைவிடச் சண்டைக்காரி எனக்கு நெருக்கம், அதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் என் அம்மாவுக்குச் சண்டைக்காரி என்று பெயர். முகத்துக்கு நேராக இல்லை. விலாசம் கேட்டு வருபவர்களிடம் ‘அந்தச் சண்டைக்காரி வீட்டுக்கு அடுத்த வீடு’ என்று சொல்வார்கள். எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும்போது முதல்முறை என் காதில் விழுந்தது. அவமானத்தில் அழுதேன். அம்மாமேல்தான் கோபம் வந்தது.

அம்மா என்ன செய்தார்? ரேஷன் கடையில் சர்க்கரை நிறுக்கும்போது ‘முள் நிக்கட்டும்’ என்பார். தராசு ஆடிக்கொண்டிருக்கும்போதே பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிடுவது அந்தக் கடைக்காரர் வழக்கம். மண்ணெண்ணெய் ஊற்றினால் ‘நுரை அடங்கட்டும், அப்புறம் அளவு பாக்கலாம்’ என்பார். பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள், வெயில் கொளுத்தும். ‘உனக்கு மட்டும்தான் கைக்கு அளவு தெரியுமா’ என்று வரிசையில் இருந்தே ஒரு குரல் வரும். அம்மா திரும்பிப் பார்க்கமாட்டார். குரலை உயர்த்தியும் நான் பார்த்ததில்லை. ‘நிக்கட்டும்’ என்ற ஒரு சொல்தான். அம்மாவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் அன்று அளவு சரியாகவே கிடைக்கும், கடைக்காரர் உஷாராகிவிடுவார் என்பதால். அவர்களும் வீட்டுக்குப் போய் ‘சண்டைக்காரி’ என்றுதான் சொன்னார்கள்.

அப்பாவும் அப்படித்தான். பஸ்ஸில் பாக்கிச் சில்லறைக்கு இறங்கும்வரை கண்டக்டரோடு மல்லாடுவார், சத்தம் போட்டே மல்லாடுவார். அப்பாவுக்குத் தெருவில் இருந்த பெயர் ‘கறாரான மனுஷன்’.

கறார் என்பது உருது வழி வந்தது. அங்கே கரார் என்றால் ஒப்பந்தம், முடிவான பேச்சு. தகராறும் அதே வழியில் வந்ததுதான், தக்ரார். திரும்பத் திரும்பச் சொல்வது, அதிலிருந்து வாக்குவாதம். அப்பா பேசினால் கறார், அம்மா பேசினால் தகராறு. ஒலியில் ரொம்பக் கிட்டத்தில் இருக்கின்றன இரண்டும்.

வாயாடி ஏன் பையனுக்குச் சொல்லப்படுவதில்லை என்பதற்கு இதுதான் என் பதில்.

மார்ச் 14, பின்னிரவு

ஒன்று விட்டுப்போயிற்று. ‘சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம்’ என்ற பழமொழியில் சண்டைக்காரன் என்றால் சண்டைபோடும் குணமுள்ளவன் இல்லை. வழக்கில் எதிர்த்தரப்பு, அவ்வளவுதான். நல்லவனாகவும் இருக்கலாம். இந்தப் பொருளில் ‘சண்டைக்காரி’ வந்து நான் படித்ததில்லை. பெண் எதிர்த்தரப்பாகவே நின்றதில்லையா என்ன?

மார்ச் 15

அடங்காப்பிடாரி வேண்டாம், அது பெண்ணுக்கு மட்டும் சொல்வது என்று காலையில் ஒருவருக்குப் பதில் எழுதினேன். பிடாரி பெண் தெய்வம், ஊர் எல்லையில் இருப்பவள். சோழர் கல்வெட்டுகளில் ஊர் நிலத்தில் வரி இல்லாத இடங்களைச் சொல்லும்போது பிடாரி கோயிலும் வரும். அவ்வளவு பழையவள். உள்ளே சிவன் கோயில், வெளியே பிடாரி. ‘ஊர்ப் பிடாரியை ஒண்ட வந்த பிடாரி விரட்டியதாம்’ என்கிற பழமொழியும் இருக்கிறது. அடங்காத பிடாரி என்றால் பூசைக்கும் பொங்கலுக்கும் மலையேறாதவள்.

மார்ச் 15, மதியம்

மூன்று பேர் மறுத்துவிட்டார்கள், மூன்று பேரும் ஆண்கள், மூன்று பேரையும் அவர்கள் அப்பா அடங்காப்பிடாரி என்று திட்டியிருக்கிறார். ஒருவர் மதுரை, ஒருவர் திருச்சி, ஒருவர் சேலம். சரி, என் கணக்கு தவறு. பெண் தெய்வத்தின் பெயரால் பையனையும் திட்டுகிறார்கள்.

அப்படியானால் உன் பையனுக்கு இது பொருந்துமா? பொருந்தும், ஆனால் பேச்சில் மட்டும். ‘டேய் அடங்காப்பிடாரி’ என்று அவன் பாட்டி கத்தலாம். கதைசொல்லி எழுதக்கூடாது. எழுதினால் கதைசொல்லியே பாட்டி ஆகிவிடுவார்.

மார்ச் 18

அட்டகாசம் பரிந்துரைத்தவருக்கு.

வடமொழியில் அட்டஹாசம் என்றால் பெருஞ்சிரிப்பு, இடி மாதிரிச் சிரிப்பது. தமிழில் அது இரண்டு பக்கமும் கிளை விட்டது. ‘சாப்பாடு அட்டகாசம்’ என்றால் பிரமாதம். ‘பசங்க அட்டகாசம் தாங்கல’ என்றால் அடங்காமல் கூத்தடிப்பது. சிரிப்பு இரண்டிலும் எங்கோ ஒளிந்திருக்கிறது என்பதால் குழந்தைகளுக்கு இது மிக நல்ல சொல். கோபித்துக்கொண்டே ரசிக்க முடிகிறது.

ஆனால் செய்தியில் இதைப் பார்த்தால் எனக்கு ஆறாது. ‘காட்டு யானைகள் அட்டகாசம்’. ‘குரங்குகள் அட்டகாசம்’. நான் பிழைதிருத்தும் வேலையில் இருந்தபோது இந்தத் தலைப்பு மாதம் ஒருமுறையாவது என் மேஜைக்கு வரும். கோவைப் பக்கமோ கூடலூர்ப் பக்கமோ யானைக் கூட்டம் ஊருக்குள் வந்திருக்கும், வாழையைச் சாப்பிட்டிருக்கும். தலைமுறை தலைமுறையாக வலசை போன பாதையில் வேலி வந்திருக்கும், செங்கல் சூளை வந்திருக்கும். நான் ‘யானைகள் வாழைத் தோட்டத்தில் மேய்ந்தன’ என்று மாற்றுவேன். அச்சில் பார்த்தால் மறுபடி அட்டகாசம்தான் இருக்கும். ஒருமுறை கேட்டேவிட்டேன். ‘மேய்ந்தன என்றால் யார் படிப்பார்கள்?’ என்றார் பொறுப்பில் இருந்தவர். வாழை போன விவசாயிக்கு நஷ்டம் உண்மை, அவர் வயிறெரிந்து அட்டகாசம் என்று சொன்னால் எனக்குப் புரிகிறது. பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் சொல்லக்கூடாது.

மறுபடியும் அதே கயிறு. 11ஆம் தேதி எழுதியதைப் பார்.

மார்ச் 19

ரவுடி, போக்கிரி, கேடி, குண்டர் எல்லாம் உன் பையனுக்கு வேண்டாம், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரவுடி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆங்கிலத்தில் முளைத்தது, இங்கே வந்து போலீஸ் பட்டியலில் உட்கார்ந்துவிட்டது. கேடி பார்த்தால் ‘கேடு’ மாதிரி இருக்கும், ஆனால் ஆங்கிலேயர் காலக் காவல் பதிவேட்டில் ‘தெரிந்த கொள்ளைக்காரன்’ என்ற பொருளில் இருந்த இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து அது, கே.டி. இப்போது பாட்டிமார் பேரனைக் கொஞ்சுவதற்கு வைத்துக்கொள்கிறார்கள். ‘சரியான கேடிப்பய’. குண்டர் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டத்தில் இருக்கிறார், கொஞ்ச முடியாது.

ரகளை என்பதைக் கேட்டிருந்தவருக்கு: கன்னடத்தில் ரகளெ என்றால் தொந்தரவு, அதோடு ஒரு யாப்பு வகைக்கும் அதே பெயர். ஹரிஹரர் என்ற கவி சிவனடியார்களின் கதைகளை அந்த யாப்பில்தான் பாடினார். இது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தருகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 22

திருக்குறளில் ‘இகல்’ என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 86ஆவது. இத்தனை நாள் மாட்டுத் தொழுவத்திலேயே நின்றுவிட்டேன்.

‘இகலென்ப எல்லா உயிர்க்கும் பகலென்னும் பண்பின்மை பாரிக்கும் நோய்’. பகல் இங்கே பகற்பொழுது அல்ல, பிரிவு. ஒருவரோடு ஒருவர் சேரமுடியாமல் செய்கிற நோய்க்குப் பெயர் இகல். குணம் என்று சொல்லவில்லை, நோய் என்கிறார். 856இல் உன் பையன் அப்படியே இருக்கிறான்: ‘இகலின் மிகலினிது என்பவன்’. எதிர்த்து நின்று ஒரு படி மேலே போவது இனிக்கிறது என்பவன். அவன் வாழ்க்கை சீக்கிரம் கெடும் என்று குறள் முடிகிறது. ஆனால் எனக்கு அந்த ‘இனிது’ பிடித்திருக்கிறது. சண்டைக்காரர்களுக்கு சண்டை இனிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் அம்மாவுக்கு இனிக்கவில்லை. ரேஷன் கடையிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

அப்படியென்றால் அம்மா இகல் இல்லை. அம்மாவுக்கு வேறு சொல் வேண்டும்.

‘இகலும் பையன்’ என்று எழுத முடியுமா? முடியாது. சொல் அழகு, ஆனால் பையன் சங்க காலத்துக்குப் போய்விடுவான்.

மார்ச் 23

விதண்டாவாதம் பற்றி இரண்டு பேர் கேட்டதால். நியாய சாஸ்திரத்தில் வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்று. வாதம் உண்மையைத் தெரிந்துகொள்ள, ஜல்பம் ஜெயிக்க. விதண்டையில் தன் தரப்பு என்று ஒன்றே கிடையாது, எதிராளியை மறுப்பது மட்டும்தான். ‘விதண்டாவாதம் பண்ணாதே’ என்று பிள்ளைகளைச் சொல்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு தரப்பு இருக்கும், நாம் கேட்டிருக்கமாட்டோம்.

கலகமும் வடமொழிதான், அங்கே வெறும் சண்டை. இங்கே ‘கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும்’ என்று பழமொழி வைத்துவிட்டார்கள். இப்போது கலகக்காரர் என்றால் மேடையில் மாலை போடுகிறார்கள். சண்டைக்காரிக்கு யாரும் மாலை போட்டதில்லை.

மார்ச் 24

மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தது. கரிச்சான் ஒன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும், காக்கையைத் துரத்திக்கொண்டு போகிறது. காக்கை இரண்டு தெரு தள்ளிப் போனபிறகும் விடவில்லை. பருந்தையும் இப்படித் துரத்தும். கூட்டில் முட்டை இருக்கிற காலத்தில் யாரையும் அண்டவிடாது. அதற்குச் சண்டைக்குருவி என்று பெயர் வைக்கவில்லை நம் ஆட்கள். வலியன் என்றார்கள். திருப்பாவையில் விடியலில் கீசுகீசென்று பேசுகிற ஆனைச்சாத்தன் இந்த வலியன்தான் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். பேர் வைத்தவர் கூட்டையும் பார்த்திருக்கிறார்.

அம்மாவுக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. வலியள்.

மார்ச் 28

இன்றைக்குத்தான் அந்த இடத்தை முழுசாக அனுப்பியிருக்கிறாய். முதல் நாளே அனுப்பியிருந்தால் இத்தனை மாட்டை ஓட்டியிருக்கவேண்டாம்.

அடைமொழியைச் சொல்வது பள்ளிக்கூட வாத்தியார், பையனின் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில். கதைசொல்லி அவனை அப்படி எங்குமே சொல்லவில்லை. இது எல்லாவற்றையும் மாற்றுகிறது. வாத்தியார் கடிதம் எழுதினால் ‘தங்கள் மகன் எதற்கும் அடங்குவதில்லை’ என்றுதான் எழுதுவார். பொல்லாத என்று எழுதமாட்டார். அட்டகாசமும் வராது, அடங்காப்பிடாரி வரவே வராது. ‘அடங்காத மாணவன்’ என்று அங்கே போடு. வறண்டிருக்கும். இருக்கட்டும், அவர் வறண்ட ஆள்தான்.

அதற்கு அடுத்த பத்தியில் பையன் மைதானத்தில் நிற்கிற காட்சிக்கு நீ ‘சண்டைக்காரச் சிறுவன் நின்றான்’ என்று எழுதியிருக்கிறாய். மூலத்தில் அங்கே அடைமொழியே இல்லை, நீயாகச் சேர்த்தது. வாத்தியார் சொன்னதை நீயும் நம்பிவிட்டாய்.

மார்ச் 28, இரவு

உன் முதல் கேள்வியைத் திரும்பப் போய்ப் படித்தேன். ‘எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பான்’ என்று நீயே எழுதியிருக்கிறாய். இருபத்தைந்து நாளாக அது அங்கேயே இருக்கிறது, நான் பார்க்கவில்லை. மல் என்றால் மற்போர். ஆனால் மல்லுக்கு நிற்பவனுக்கு உடம்பு பெரிதாக இருக்கவேண்டியதில்லை, ஒல்லிப் பையனும் நிற்கலாம். வாயாலும் நிற்கலாம். நிற்கிறான் என்பதுதான் அதில் முக்கியம். ஓடவில்லை, படுத்துக்கொள்ளவில்லை.

மைதானக் காட்சியில் சண்டைக்காரச் சிறுவனை எடுத்துவிட்டு ‘அவன் அவர்களோடு மல்லுக்கு நின்றான்’ என்று எழுதிப் பார். அவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த வரியில் வருகிறதே, ஏழு பேர். அது போதும்.

மார்ச் 30

எழுதிப் பார்த்தேன், பத்தி இரண்டு வரி குறைந்துவிட்டது என்று பதில் வந்திருக்கிறது. கடிதத்தில் ‘அடங்காத’வா, ‘கட்டுப்படாத’வா என்று புதிதாக ஒரு சந்தேகம். கட்டுப்படாத என்றால் நோய்க்கும் சொல்வார்கள், ‘சர்க்கரை கட்டுப்படல’ என்று. அடங்காத என்றே இருக்கட்டும்.